கயிற்றில் கை வைத்தவர்களுக்குப் பங்கு

சமூகப்பணிப் பயிற்சி என்பது, கூப்பிடாத வீட்டுக்குப் போய், அவர்கள் கொடுக்கிற டீயையும் குடித்துவிட்டு, "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று அவர்களையே கேட்கிற வேலை. அதையே வெளிநாட்டுக்குப் போய்ச் செய்தால் மதிப்பு இன்னும் கூட. சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்த என்னை மூன்று மாதப் பயிற்சிக்குத் திருப்போரூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். "உனக்குத்தான் தமிழ் தெரியுமே, அப்புறம் என்ன?" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லி விமானம் ஏற்றிவிட்டார்கள். தெரியாத ஊரில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திருதிருவென்று நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நானும் விட்டுக்கொள்கிறேன்.

முதல் வீடு

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஜெனிபர் அக்கா. எங்கள் நிறுவனத்தின் களப்பணியாளர். திருப்போரூரை ஒட்டிய கிராமத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். அக்கா ஸ்கூட்டியில் பறப்பார். பின்னால் உட்கார்ந்திருப்பவள் உயிரோடு இருக்கிறாளா என்று திரும்பியே பார்க்க மாட்டார். நெம்மேலி தாண்டி ஒரு மீனவர் குப்பத்தில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே வசந்தா அக்கா வீடு. காலையில் மீன் கூடையோடு திருப்போரூர் பஸ் ஏறுகிறவர். புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கனகா, பதினேழு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் வேலை செய்யாது. அஞ்சாவது வரைக்கும் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். பிள்ளை வளர்ந்தாள், இடுப்பு தாங்கவில்லை, படிப்பு நின்றது.

திருப்போரூரில் எங்கள் மையத்தில் பத்தாவது பரீட்சைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேன் ரோடு வரைக்கும் வரும். ஆனால் ரோட்டுக்கும் கனகா வீட்டுக்கும் நடுவே முழுக்க மணல். அந்தப் பெண்ணை அந்த வேனில் ஏற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளியில் படித்த தமிழை எல்லாம் திரட்டி, "தங்களுக்கு எவ்வகையான உதவி தேவைப்படுகிறது?" என்று கேட்டேன். கனகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ம்மா, டிவிய நிறுத்து. நியூஸ் வாசிக்கிற அக்கா வூட்டுக்கே வந்துகீது."

கூறு

அடுத்த வாரம் கரையில் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, ஆணும் பெண்ணுமாகக் கரைக்கு இழுக்கிற வேலை. காலைப் புதைத்துப் புதைத்துப் பின்னால் நகர்கிறார்கள், கடலே கூட வந்துவிடும் போலிருக்கிறது. பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஜெனிபர் அக்காவிடம் போனைக் கொடுத்து, நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். எல்லாம் போட்டோவுக்குத்தான். நான் இழுத்ததில் வலை ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் ஆச்சரியம்.

மீன் வந்ததும் மணலில் கூறு போட்டார்கள். காரப்பொடி, கவலை என்று பொடி மீன்கள், நடுவே ஒரு நண்டு. ஒரு கூறைக் காட்டி "எடுத்துக்கோ" என்றார்கள். நான் பதறிப் போனேன். ஏழைகளிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கிறார்கள். "வேண்டாங்க, நான் சும்மாதான் பிடிச்சேன்" என்றேன். ஏழுமலை ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டார், அதாவது தலைவர். கயிற்றில் கை வைத்தவர் சின்னவரோ பெரியவரோ, வழியில் போகிறவரோ, அவருக்கும் கூறு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கமாம். அதை வாங்க மாட்டேன் என்றால், நான் உங்களோடு சேர்த்தி இல்லை என்று சொல்வதாகத்தான் அர்த்தமாம். துப்பட்டாவில் மீனை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் துப்பட்டாவை அப்புறம் யாரும் தொடவில்லை. ஏழுமலை ஐயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கைய வெச்சியா இல்லியா? வெச்சா துன்னணும். பிச்சையா போடறோம், பங்கும்மா இது."

நாற்காலி இறங்கிய நாள்

கனகாவைப் பற்றிச் சிங்கப்பூருக்குப் போனில் சொன்னேன். என் வகுப்புத் தோழிகள் எல்லாரும் சேர்ந்து, செங்கல்பட்டில் ஒரு கடையில் சொல்லி, சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார்கள். பளபளவென்று வந்து இறங்கியது. மெல்லிசுச் சக்கரம், ஆஸ்பத்திரித் தரையில் வழுக்கிக்கொண்டு போகிற ஜாதி. கனகாவை அதில் உட்கார வைத்து, வீட்டு வாசலில் போட்டிருந்த சிமெண்ட் தரையிலிருந்து மணலில் இறக்கினேன். அவ்வளவுதான். சக்கரம் பாதிக்குப் பாதி உள்ளே போய்விட்டது. நான் தள்ளுகிறேன், ஜெனிபர் அக்கா முன்னாலிருந்து இழுக்கிறார், நாற்காலி இன்னும் ஆழமாக இறங்குகிறது. மணலில் ஓட வேண்டிய வண்டிக்குச் சக்கரத்தைப் பார்த்து வாங்கணும் என்று அந்தப் படித்த கூட்டத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

தெருவே கூடிவிட்டது. வாட்டசாட்டமான நாலு பையன்கள் வந்து, "நவுருக்கா, நாற்காலியோட தூக்கினு போயி ரோட்டாண்ட வுட்டுர்றோம். டெய்லியும் தூக்கறோம், இன்னா இப்போ?" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. கனகா முகம் கல்லாகிவிட்டது. வயசுப் பெண்ணைத் தினமும் நாலு பையன்கள் தூக்குவதும், தெரு வேடிக்கை பார்ப்பதும் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. கையை ஊன்றி நாற்காலியிலிருந்து தானே இறங்கி, மணலில் தவழ்ந்து வீட்டுக்குள் போனாள். வாசலில் திரும்பி ஒன்று சொன்னாள்: "தூக்கினு போறதுக்கு நான் இன்னா ஐஸ் பொட்டியா?"

நாற்காலியின் உபயோகம்

நாலு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை, வெட்கம். அஞ்சாம் நாள் போனால், வாசல் சிமெண்டில் நம் நாற்காலி நிற்கிறது. இருக்கை முழுக்க நெத்திலிக் கருவாடு காய்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பேர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது! "என்னக்கா இது?" என்று கேட்டேன். வசந்தா அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "வெயிலு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமா தள்ளிக்கலாம். கெட்டியான பொருளும்மா, உன் சிநேகிதிங்க நல்லா இருக்கணும்."

ஊரைக் கேட்டியா?

சரி, பாதை போட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அந்த நாலு பையன்களோடு பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பலகைகளை அடுக்க ஆரம்பித்தோம். நாலாவது பலகை வைப்பதற்குள் ஆள் வந்தது. கங்கையம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியிருக்கிறது, வரச் சொன்னார்கள். ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஜெனிபர் அக்காவும் நானும் ஓரமாக நின்றோம். ஏழுமலை ஐயா கேட்டார், "ஊருக்குள்ள ஒரு முளை அடிக்கணும்னாலும் ஊரக் கேக்கணும். நீ யாரக் கேட்ட?" நான் "வசந்தா அக்காவைக் கேட்டேன்" என்றேன். சிரித்தார்கள். இந்த நிறுவனமே இனி ஊருக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டால், கனகா படிப்பு என்னால் மண்ணாகப் போனதாகிவிடும். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜெனிபர் அக்கா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

கொஞ்ச நேரம் அவர்களுக்குள் பேசினார்கள். அப்புறம் ஏழுமலை ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பஞ்சாயத்து மொத்தமும் அவர் பின்னால் எழுந்தது. நேராகக் கனகா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். "பாப்பா, பாதை எதுவரிக்கும் வேணும்?" என்று அவர் கேட்க, நான் குறுக்கே புகுந்து "ரோடு வரைக்கும் ஐயா" என்றேன். என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். இத்தனை வாரமாக நான் அவளிடம் கேட்காத கேள்வி அது. கனகா நிலைப்படியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரோட்டுக்கும் போடுங்க பெரியப்பா, கடலுக்கும் போடுங்க. அலை சத்தத்த மட்டும் கேட்டுகினு எத்தினி வருசம் குந்திகினு கீறது?"

தொழில் இல்லாத வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று கோயில் மைக்கில் சொன்னார்கள். காற்று நன்றாக இருந்த நாள், பக்கத்து ஊர்ப் படகெல்லாம் கடலில் நிற்கிறது. இந்த ஊரில் ஒரு படகுகூட இறங்கவில்லை. ஒரு பெண்ணின் நாற்காலிக்காக ஒரு ஊர் தன் அன்றைய சோற்றை நிறுத்தி வைத்ததை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. ஊருக்குப் பின்னால் உடைந்த ஃபைபர் படகுகள் கிடந்தன. எரிக்கவும் முடியாது, எடைக்கும் யாரும் எடுக்க மாட்டார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினால் அவற்றின் பக்கவாட்டை அகலமாக அறுத்தார்கள். பெண்கள் மணலைச் சமன் செய்து தென்னை மட்டையைப் பரப்பினார்கள். மேலே ஃபைபர்த் துண்டுகளை வரிசையாகப் போட்டு நைலான் கயிற்றால் கட்டினார்கள். நானும் மட்டை சுமந்தேன். கையெல்லாம் சிராய்ப்பு.

ரோட்டுப் பக்கம் முடிந்தது. கடல் பக்கம் பாதியில் துண்டு தீர்ந்துவிட்டது. எல்லாரும் நின்றார்கள். வசந்தா அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. புருஷன் ஓட்டியது. அவர் போன பிறகு அதை அந்த அக்கா விற்கவுமில்லை, வாடகைக்கு விடவுமில்லை. அதன் பக்கம் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதுதான் தெரிந்தது. வசந்தா அக்காவே போய் அதன் மேல் கிடந்த வலையை இழுத்துக் கீழே போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், குரல் மட்டும் உடையவில்லை. "இதையும் அறுங்க. அந்தாளு இருந்தா இந்நேரம் அறுத்திருப்பான்."

பங்கு

வேன் திங்கட்கிழமை காலை வரும் என்று ஜெனிபர் அக்கா சொல்லியிருந்தார். "வேனு அப்பால. மொதல்ல கடலு" என்றாள் கனகா. ஞாயிற்றுக்கிழமை காலை, கருவாட்டு வாசனை போகாத அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால் பிடிக்கப் போனேன், "வுடுக்கா" என்றாள். அப்பா படகின் நீலப் பெயின்ட் துண்டுகள் மேல் வரும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக உருட்டினாள். பாதை முடிகிற இடத்தில் ஈர மணல் ஆரம்பிக்கிறது. அது கெட்டி, சக்கரம் புதையாது. அங்கே போய் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காமல் நான் அழுதுவிட்டேன்.

பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கயிறு இழுக்க இழுக்கப் பின்னால் வருமே, அது தானாகவே அவள் பக்கத்தில் வந்தது. நாற்காலிக்கு பிரேக்கைப் போட்டாள், இரண்டு கையாலும் பிடித்தாள். வருஷக்கணக்காக உடம்பு முழுவதையும் கையாலேயே இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியவள், அந்தக் கையின் பலத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். இழுத்த இழுப்பில் நாற்காலி முன்னால் நகர, இரண்டு பெண்கள் ஓடிவந்து பின்னால் பிடித்துக்கொண்டார்கள். வசந்தா அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நான். அம்மாவும் மகளுமாக ஒரே கயிற்றில் நிற்பதைப் பார்த்ததும், ஒரு கையை எடுத்து அவசரமாகப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

வலையில் கொழகொழவென்று சொறிமீனும் குப்பையும்தான் அதிகம். மீன் கொஞ்சம். ஏழுமலை ஐயா கூறு போட்டார். கனகா மடியில் அவளுடைய கூறை அவரே கொண்டுவந்து வைத்தார், மற்றவர்களுடையதை விட ஒரு மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் அதை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் என் கூறைப் பார்த்தாள். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பெரியப்பா, சிங்கப்பூரு அக்கா நடுவுல கைய எடுத்து போட்டோ புடிச்சுது. அதுக்குக் கம்மியா வைங்க."

அங்கே போய் நீ யாருக்கு என்ன செய்தாய் என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை என்னிடம் இருக்கிற ஒரே நேர்மையான பதில், கயிற்றில் கை வைத்தேன், நடுவில் கொஞ்சம் எடுத்துவிட்டேன், அதனால் ரெண்டு காரப்பொடி குறைத்துவிட்டார்கள் என்பதுதான்.