பாப்பாவின் போனுக்கு வெளிச்சம் வந்த ஞாயிறு

பாப்பாவுக்கு முப்பத்துநாலு வயதாகிறது. இருந்தாலும் அவள் பாப்பாதான். அண்ணன் வாயிலிருந்து கிளம்பிய அந்தப் பெயர் அவள் வேலை செய்யும் பட்டன் கடைவரை போய்ச் சேர்ந்து, அங்கே முதலாளியம்மாவும் அப்படியே கூப்பிடுகிறார்.

பன்னிரண்டு வயதில் அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. பதினைந்தில் முழுதாகப் போய்விட்டது. அதற்குள் பார்த்த நிறங்களையெல்லாம் அவள் பெட்டியில் மடித்து வைத்த துணிபோல மனசில் வைத்திருக்கிறாள். கேட்டால் எடுத்து விரிப்பாள்.

அண்ணனுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கட்டடமாகப் போய்க் கம்பிவடம், கதவு, பிரேக் என்று பார்த்து, மோட்டார் அறையில் தொங்கும் அட்டையில் டிக் போட்டுவிட்டு வருவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் பார்க்காமல் போட்ட டிக் என்று அவர் கையிலிருந்து ஒன்றுகூட வந்ததில்லை. வீட்டிலும் அதே கைதான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். போனில் வந்த எதையும் அழிக்க மாட்டார். யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம், முடிந்துபோன கல்யாணத்தின் பத்திரிகை, எல்லாம் உள்ளே கிடக்கும்.

"அது போன் இல்லண்ணா, பரண்" என்பாள் பாப்பா. "போன வாரம் நான் கூப்பிட்டதுக்கு இந்த வாரம் அடிக்குது. உட்கார்ந்து கொஞ்சம் அழி."

"சரி, சரி" என்பார்.

பாப்பாவின் போன் அப்படியல்ல. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய சாதாரணப் போன், ஓரம் உடைந்திருக்கும். ஆனால் அதிலிருந்து அவள் வாங்குகிற வேலையைப் பார்த்தால், போனுக்கே பரிதாபம் வரும். விரல் படுகிற இடத்தையெல்லாம் அது காதுக்குள் மட்டும் படித்துச் சொல்லும். அந்தப் பேச்சின் வேகத்தை அவள் மேலே மேலே ஏற்றி, தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். மற்றவர் காதில் வைத்தால் ஒரு சொல் பிடிபடாது. யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் அதிர்வு. முதலாளியம்மாவுக்கு இரண்டு குட்டைத் துடிப்பு. அண்ணனுக்கு நீளமாக ஒன்று.

"எனக்கு மட்டும் ஏன் அவ்ளோ நீளம்?"

"நான் வைக்கிற வரைக்கும் பேசுவியே, அதான்."

எல்லாவற்றையும்விடப் பெரியது கடையின் இழுப்பறைகள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மேலும் சிறு கட்டம்போட்ட குறி ஒன்றை ஒட்டி, அதைப் போனிடம் காட்டினால் அவளுடைய குரலே பேசுகிற மாதிரி ஒரு செயலியில் பதிந்து வைத்திருந்தாள். பட்டனின் ஓட்டையும் விளிம்பும் விரலுக்கே தெரிந்துவிடும். நிறம்தான் தெரியாது. நிறம் சொல்லும் செயலியோ ஒன்பது விதப் பச்சைப் பட்டனுக்கும் 'அடர் பச்சை' என்றே சொல்லும். அதனால் எந்தப் பச்சை என்று கடையில் இருப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு, தன் நினைவைச் சேர்த்துப் பதிந்திருந்தாள். "நாலு ஓட்டை, தடிமன். அண்ணாவோட பழைய ஸ்வெட்டர் பச்சை." "ரெண்டு ஓட்டை. மழைக்கு முன்னாடி வானம்." மதிய இடைவேளைகளில் மட்டும் உட்கார்ந்து பதிந்தது. முடிக்க ஒரு வருடமும் சில வாரங்களும் ஆயின.

தினமும் காலை ஒன்பது பத்துக்கு அண்ணனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வரும். 'அண்ணா, கடைக்கு வந்து சேர்ந்துட்டேன். ரோடு கடக்கும்போது ஆள் துணை இருந்தாங்க. குடை பையில இருக்கு. கவலைப்படாம வேலையப் பாரு.' அண்ணன் அதைக் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் காட்டுவார். "கண்ணு தெரியாம தினம் இவ்ளோ அடிக்கிறா பாருங்க. ஒரு எழுத்துத் தப்பு இருக்கா?"

இருக்காது.

ஆறு வருடமாகப் பாப்பாவுக்குக் கடையின் பின்கட்டில்தான் வேலை. பட்டன்களை எண்ணிப் பொட்டலம் போடுவாள். முன்னால் நிற்கும் பெண் பிரசவ விடுப்பில் போவதாக ஆனதும், பாப்பா தானே போய்க் கேட்டாள். முதலாளியம்மா கையிலிருந்த சில்லறையை எண்ணி முடித்தார். பிறகு சொன்னார்: "திங்கக்கிழமை ஒரு நாள் நில்லு. பார்ப்போம். தடுமாறினா பழையபடி பின்னாடி போயிடணும். அப்புறம் மனசுல வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்க மாட்டேம்மா" என்றாள் பாப்பா.

அன்றிலிருந்துதான் அண்ணன் அதைக் கவனித்தார். பாப்பாவின் போன் திரை கறுப்பாகவே இருந்தது. அவள் தடவுகிறாள், தட்டுகிறாள், காதுக்குள் கேட்டுச் சிரிக்கிறாள். திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம். திரை செத்துப்போனது பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? இன்று திரை, நாளை பேச்சும் நின்றுவிட்டால்? அதுவும் திங்கட்கிழமை, எல்லார் முன்னாலும்?

சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. ஞாயிறு மதியம் அவள் தூங்கியதும் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனைப் பழுதுகடைக்குப் போனார்.

கடைக்காரர் பொத்தானை அழுத்திப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அதிருது, ஆனா திரை வரல. திரை கெட்டிருக்காது, உள்ள ஏதோ குழப்பம். எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா ஏத்தினா சரியாயிடும். உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?"

"என் தங்கச்சிக்குக் கண்ணு தெரியாது" என்றார் அண்ணன். "போட்டோ கீட்டோ ஒண்ணும் இருக்காது. நீங்க செய்யுங்க."

கால் மணி நேரத்தில் திரை பளிச்சென்று எரிந்தது. அண்ணன் அதைக் கைக்குட்டையால் துடைத்து, விளக்கை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வீடு வந்தார்.

பாப்பா எழுந்து போனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் கையில் கொடுத்தார். காதுக்கருவியை மாட்டினாள். பேச்சு வரவில்லை. ஒலிப் பொத்தான் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்குரல், ஆடி அசைந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னது: "வணக்கம். உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்."

பாப்பா காதுக்கருவியைக் கழற்றினாள்.

"வெளிச்சம் வந்துடுச்சு பாப்பா" என்றார் அண்ணன். "ஒரு வாரமா இருட்டாவே கிடந்துச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்காது. சொன்னா பயப்படுவேன்னு…"

"அண்ணா, அதை அணைச்சதே நான்தான்."

"நீயா?"

"எனக்கு எதுக்கு வெளிச்சம்? அது சும்மா சார்ஜைத் தின்னுது. திங்கக்கிழமை முழுநாள் தாங்கணுமேன்னு ஒரு வாரமா அணைச்சு வச்சுப் பார்த்தேன். ராத்திரி வரைக்கும் நின்னுச்சு."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதே அபூர்வம். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்த இழுப்பறை எல்லாம்?"

"போச்சு. முந்நூத்திப் பன்னெண்டும்."

"நான் போய் முதலாளியம்மாகிட்ட வேற ஒரு நாள் கேட்கிறேன்."

"போய் என்ன சொல்லுவ? தங்கச்சி போனுக்கு வெளிச்சம் குடுத்துட்டேன்னா?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சட்டென்று அவள் முகத்தைத் திருப்பினாள். "அண்ணா, சனிக்கிழமை தோறும் உனக்கு ஒண்ணு அனுப்புவேன் இல்ல? என்னமோ வருது, திறக்க மாட்டேங்குதுன்னு சொல்லுவியே?"

"ஆமா."

"அது அந்தச் செயலியோட நகல். என் போனுக்கு ஏதாவது ஆனா இருக்கட்டும்னு உன் போன்ல போட்டு வச்சேன். நான் வேற உன்னைப் பிடிச்சுப் பிடிச்சு எல்லாத்தையும் அழி, அழின்னு…" அவள் நிறுத்தினாள். "அழிச்சிட்டியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். திருட்டுத்தனம் பிடிபட்டவர்போல முணுமுணுத்தார். "நீ சொன்னியேன்னு புதன்கிழமை உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மனசு வரல பாப்பா. ஒண்ணுகூட அழிக்கல."

பாப்பா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லவேளை, இந்த வீட்ல ஒரு பரண் இருக்கு."

நேற்று அனுப்பியதே இருந்தது. அதை ஏற்றியதும் அவளுடைய குரல்கள் திரும்பி வந்துவிட்டன. நகலில் அடங்காதவை போனின் அமைப்புகள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் வைக்க வேண்டும். அண்ணன் தன் நோட்டை எடுத்து வந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதி, முடிந்ததும் டிக் போட்டார். பேச்சு வேகம், டிக். போனின் முதுகில் இரண்டு தட்டு தட்டினால் குறி படிக்கும் செயலி, டிக். யார் யாருக்கு என்ன அதிர்வு, டிக். தனக்குரிய நீளத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். திரை அணைக்கும் இடம் வந்தபோது, "இதை நானே செய்யறேன்" என்று கேட்டு வாங்கி, மூன்று விரலால் தட்டி அணைத்தார்.

"இனிச் சுருக்கெழுத்து" என்றாள் பாப்பா. "அடிக்கடி அனுப்பறதுக்கெல்லாம் ஒரு எழுத்து வச்சிருந்தேன். ஒரு எழுத்து அடிச்சா முழுசா விரியும். எழுதிக்கோ. 'வ'ன்னு அடிச்சா: அண்ணா, கடைக்கு வந்து சேர்ந்துட்டேன். ரோடு கடக்கும்போது…"

பேனா நின்றது.

"இது ஒரே எழுத்தா?"

"ம்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

அண்ணிக்கு இப்போது பேச்சு திரும்பியிருந்தது. "இவர் மாடி மாடியா ஏறி ஊருக்கெல்லாம் காட்டினாரு."

அண்ணன் போனை வாங்கி, மூன்று விரலால் தட்டித் திரையை மறுபடி எரியவைத்தார். பிறகு, "வேலை நேரத்துல நீ எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று சொல்லிவிட்டு, அந்த வாசகத்தை ஒரு புள்ளி விடாமல் தானே அடித்து, 'வ'வுக்குள் வைத்து, திரையை அணைத்து, டிக் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு அது வந்தது. குடை பையில் இருந்தது. நேற்று தானே அடித்ததுதான் என்று தெரிந்தும் அண்ணன் முழுவதும் படித்தார். அதன்பின் அதிர்வே இல்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. கூப்பிடக் கூடாது என்று அண்ணி காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்.

ஒன்றேகால் மணிக்கு, எட்டாவது மாடிக்கு மேலே மோட்டார் அறையில் அட்டையும் கையுமாக நின்றபோது போன் அதிர்ந்தது.

'அண்ணா காலைலேருந்து ஒக்கார நேரமில்ல. ஒருத்தர் கோட்டு எடுத்துட்டு வந்து பட்டன் மேட்ச் கேட்டர். தடவி பாத்து உன் ஸ்வெட்டர் டப்பாவ தொறந்தேன். அதேதான். அவரு நம்பல வாசல்ல போய் வெயில்ல வச்சு பாத்துட்டு வந்து ஆறு வாங்கிட்டார். ரெண்டு பேர் திட்னாங்க. அம்மா நாளைக்கும் நீயே நில்லுனு சொல்லிடாங்க. கை வலிகுது. சாப்ட போறேன்'

அண்ணன் இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழைகளை எண்ணத் தொடங்கி, நாலுக்குமேல் எண்ணவில்லை. போனைப் பையில் போட்டுக் கருவிகளை எடுத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி லிஃப்டில் இறங்கினார்.

கீழ்த்தளத்துக் கதவு திறந்தபிறகுதான் நினைவு வந்தது. அட்டையில் டிக் போடவே இல்லை. மறுபடி எட்டு மாடி ஏறினார்.