மூன்று தொட்டிக்கும் சமமாக

மண் சரிந்து கரண்ட் போன இரண்டாம் நாள், தீனிக்கு வளர்த்த பாசித் தண்ணீர் செத்துவிட்டது. பச்சையாக இருந்தது பழுப்பாகி நாறியது. லேபில் நான் ஒருவன்தான். முதல் வேலையாகக் கதவைப் பூட்டினேன், புழுக்குஞ்சுகள் தப்பி ஓடிவிடும் என்பதைப் போல. ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் கொழும்பில் இருந்தார்; அவருக்குப் போன் போட்டேன், அவர் எடுத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே. எடுக்கவில்லை.

ஹட்டனுக்கு மேலே, மூடிப்போன தேயிலை பெக்டரி மாடியில் கடல் புழு வளர்த்தோம். கடல் தண்ணீர் பீப்பாயில், லொறியில் ஏறி வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குஞ்சுகள் பம்பரம் மாதிரி சுற்றும். பாசி தின்றால் பம்பரத்துக்குக் கீழே வளையம் வளையமாக உடம்பு நீளும். பிறகு அடியில் இறங்கிப் புழுவாகும். தீனி குறைந்தால் பம்பரமாகவே கிடக்கும். எவ்வளவு குறைந்தால் எவ்வளவு தாமதம் என்பதுதான் ஆராய்ச்சி. ஒன்றாம் தொட்டிக்கு முழுத் தீனி, இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால். அளந்து ஊற்றுவது என் வேலை.

கரண்ட் இல்லாத பிரிட்ஜிலும் ஒரே ஒரு போத்தல் பாசி கெடாமல் இருந்தது. யோசிக்கவே இல்லை. மூன்றுக்கும் சரிசமமாகப் பிரித்து ஐந்து நாள் ஊற்றினேன். ஆளுக்கு அரைவயிறுகூட வரவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு மாதிரி பங்கு போடத் தெரியாது. ஒருவரும் சாகவில்லை என்று பெருமை வேறு.

மேடம் வந்து மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். அவரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான்.

"அண்ணே, ஒன்னாம் தொட்டி இந்நேரம் அடியில எறங்கியிருக்கணும். மூணும் ஒரே மாதிரி நிக்குது. என்னா செஞ்சீங்க?"

"யாரும் பட்டினி கெடக்கக் கூடாதுன்னு..."

"உங்கள என்ன, கோயில் அன்னதானத்துக்கா வச்சிருக்கேன்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இனிமே அள்ளி ஊத்துனா வளராதா மேடம்?"

"வளரும். ஆனா போன நாளு போனதுதான். புழுவும் சின்னதாத்தான் எறங்கும். ஒன்னாம் தொட்டிக்கு மட்டும் ஊத்தியிருந்தா அதாவது தேறியிருக்கும்ண்ணே. பிரிச்சுக் குடுத்து மூணையும் கெடுத்துட்டீங்க. ஆறு மாச வேலை."

வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த நிமிஷம் விலகி, வேறு பயம் வந்தது. என் சின்ன மகள் எடை குறைவென்று மிட்வைப் அம்மா மாதாமாதம் திரிபோஷா சத்துமா தருகிறார், அவளுக்கு மட்டும் என்று சொல்லித்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன்: "இனிமே இத சின்னவளுக்கு மட்டும் குடு."

"சரி, நீங்களே குடுங்க." பாக்கெட்டை என் கையில் வைத்தாள். "மத்த ரெண்டையும் நான் எங்க கொண்டுபோயி ஒளிக்கிறது?"

மூவரும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: எழுதியிருக்கிற அளவை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகு நான் தொட்டியில் ஒரு துளி மாற்றியதில்லை. வீட்டில் அன்றைக்கும் மூன்றாகத்தான் பிரித்தேன்.