வராதவர்களைத் தேடிப் போனவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ஒரு மொபெட் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கி, நனைந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய அதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி என் முன்னால் நிமிர்ந்து நின்று கேட்டார்: "நாயக் வூட்டுலேருந்து கூட்டத்துக்கு ஏன் யாரும் வரலீங்க?" என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக்காக இருந்து வந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கிய அடுத்த வருஷம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அது தெரிந்தும் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? "செத்தவரு எப்படிங்க வருவாரு?" என்றேன். "அவரு வர முடியாதும்மா. நீங்க வரலாம்ல?" என்றார் அவர்.

அவர்தான் சுபேதார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் எங்கள் பகுதிக் கிளைக்குத் தலைவர். வண்டியை ஓட்டி வந்தவரை எல்லோரும் டிரைவர் பாய் என்பார்கள். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், லெப்பைகுடிக்காட்டுக்காரர். "எங்க ஊர்ல அத்தன பேரும் துபாய்க்குப் போயி வெயில்ல காயிறான். நான் ஒருத்தன்தான் பனியில போயி வெறச்சவன்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். ஏதோ உதவி செய்ய வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, யார் தயவிலும் நான் இருக்கவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். புருஷன் போன பிறகும் மாட்டைக் கறந்து, காட்டை உழுது, தலை நிமிர்ந்து நடந்தவள் நான். சுபேதாருக்குக் கோபம் வரவில்லை. "தயவு பண்ண வரலம்மா. மாசாமாசம் பேரு கூப்புடுறேன். ஒங்க வூட்டுக்காரரு பேரு வர்றப்ப ஒரு சத்தமும் இல்ல. எனக்குக் காது வலிக்குது" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஓர் உரக்கடை மாடியில் கூடுவார்கள். கொடிக்கு வணக்கம் வைத்த கையோடு சுபேதார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். தாளைப் பார்க்க மாட்டார். உரியவர் எழுந்து, பட்டாளத்தில் சொன்ன மாதிரியே "ஹாஜிர் சாப்" என்பார்; வந்திருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். பதில் வராத பெயர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அந்த ஆளின் வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே. காய்ச்சலாக இருக்கலாம், மகனோடு சண்டையாக இருக்கலாம், குடித்துவிட்டு விழுந்து கிடக்கலாம். எதுவானாலும் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். செத்தவர் பெயரையும் அவர் விடவில்லை. மனைவி இருக்கிறவரைக்கும் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். பதில் சொல்வது மனைவியின் பாடு.

அடுத்த மாதமும் நான் போகவில்லை. அவர்கள்தான் வந்தார்கள். "அக்கா, சாப் முதுகும் தாங்காது, என் வண்டி டயரும் தாங்காது. ஒரு தடவ வந்து தொலைங்களேன்" என்று பாய் கெஞ்சினார். அவர்கள் வருவதை நிறுத்தத்தான் அதற்கடுத்த மாதம் பஸ் ஏறினேன். அத்தனை ஆம்பிளைகள் நடுவில், என் வீட்டுக்காரர் பெயரை அவருடைய பட்டாளத்து நம்பரோடு முழுசாக ஒருவர் உரக்கக் கூப்பிட்டபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். சுபேதார் அவசரப்படாமல் நின்றார். மறுபடி கூப்பிட்டார். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் போன பிறகு முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் நான் தவறியதில்லை. வீடு தேடிப் போகிற இரண்டு பேரில் ஒருத்தியாக என்னையும் அனுப்ப ஆரம்பித்தார். "பொம்பளைங்க இருக்குற வூட்டுக்குப் பொம்பள போனாத்தான் கதவு தொறக்கும்" என்பார். ஏலாக்குறிச்சியில் ஓர் அம்மாள், மகன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று வெளியே தலை காட்டாமல் கிடந்தாள். வந்து சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளையே கிளம்பிப் போய், அவள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பியது. அதோடு அந்த மகன் கை ஓங்கவில்லை. எங்கள் கிளை கட்டடம் கட்டவில்லை, கல்வெட்டு வைக்கவில்லை. ஆனால் எந்தக் கிராமத்தில் யார் சோறு இறங்காமல் படுத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

பிறகு அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டத்துக்கு ஒரு கிளை வேண்டும் என்று எங்களையும் இரண்டாக்கினார்கள். பாய் பெரம்பலூர்ப் பக்கம் போனார், நான் அரியலூரில் நின்றேன். சுபேதாரின் ஊர் மருதையாற்றங்கரையில் நடுவாந்திரத்தில் இருந்தது. தபால் அரியலூரிலிருந்து வரும், பஸ் பெரம்பலூருக்குப் போகும். "சாப், நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். "நான் ஆத்து நடுவுல நிக்கிறவன்யா. ரெண்டு பக்கமும் வருவேன்" என்று சிரித்தார். எல்லோரும் கை தட்டினோம். நாங்கள் கை தட்டிய அந்த நேரத்தில்தான் அவர் இரண்டு பக்கத்துக்கும் இல்லாமல் போனார் என்பது இப்போது தெரிகிறது.

புதிதாக வந்த பொறுப்பாளர்கள் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கையெழுத்து நோட்டைச் சுற்றி விட்டார்கள். நேரம் மிச்சம் என்றார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும்; முடிப்பதற்குள் பக்கத்து ஆள் பேனாவுக்குக் கை நீட்டுவார். வந்தவர் பெயர்தான் அந்த நோட்டில் இருக்கும். வராதவர் அதில் எங்கே தெரிவார்? ஒரு வருஷம் போல ஆனதும் இரண்டு மாவட்டத்தையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். கிளைகளை ஒன்றாக்க யாரும் மெனக்கெடவில்லை. இப்போது மறுபடி பிரித்தும் ஆயிற்று.

சுபேதார் சில மாதம் அரியலூருக்கு வந்தார். பிறகு காணோம். கேட்டதற்கு, "அவரு பெரம்பலூர்ப் பக்கம் போயிட்டாரும்மா" என்றார்கள். எனக்கு மனத்தாங்கல். மழையில் நனைந்து வந்து கூட்டிக்கொண்டு போன மனுஷர், ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கம் மாறிவிட்டாரே என்று இருந்தது.

மகள் வீட்டுக்குப் போகிற வழியில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் பாயைப் பார்த்தேன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. "சாப் எப்படி இருக்காருக்கா? ஒங்க பக்கமே வந்துக்கிட்டு எங்கள மறந்தே போயிட்டாரு" என்றார்.

"என்ன பாய் சொல்றீங்க? அவரு ஒங்க கிளையிலல்ல இருக்காரு?"

பாய் கையில் இருந்த வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தார். மகள் வீட்டுக்கு நான் போகவில்லை. சுபேதார் ஊருக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம்.

சுபேதார் வீட்டுச் சுவரில் அவர் படம் இருந்தது. மாலை காய்ந்து சருகாகியிருந்தது. பாய் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தபடி கதவைப் பிடித்துக்கொண்டார். சுபேதாரின் மனைவி ஊரை விட்டு வெளியே போகாத அம்மாள், கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்களைப் பார்த்ததும் யாரென்று அவர் கேட்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

வாதம் வந்து சுபேதாருக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டதாம். பேச்சு மட்டும் தெளிவாக இருந்ததாம். முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சலவைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம்.

"'இன்னிக்கு நான் போகலல்ல, ரெண்டு பேரு வருவாங்க, பால் வாங்கி வை'ம்பாரு. பொழுது சாயிற வரைக்கும் ரோட்டயே பாப்பாரு. அப்பறம் 'பாய் வண்டி பிளக்கு அடச்சிருக்கும், அடுத்த மாசம் வந்துருவாங்க'ம்பாரு. ஆளு விட்டுச் சொல்லட்டுமான்னு கேட்டா கோவம் வந்துரும். 'சொல்லிவுட்டு வந்தா அது விருந்தாளி. அவங்களா வருவாங்க'ன்னுட்டாரு."

உயிர் போகிற வரைக்கும் மாதாமாதம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். "அந்த வண்டிய எப்பவோ வித்துட்டேனே" என்று சொல்லிவிட்டு, பாய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு பேர இப்ப எந்தப் பக்கம் கூப்புடுறாங்க? நாந்தானே போயி பதில் சொல்லணும்? சொல்லிட்டுப் போயிருக்காரு."

இப்போது எந்தப் பக்கமும் யார் பெயரையும் கூப்பிடுவதில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"எங்க பக்கந்தாங்கக்கா" என்றேன்.

"என்னான்னு சொல்லணும்?"

"ஹாஜிர் சாப்" என்று சொல்லிக்கொடுத்தேன். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்று, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"சரியா இருக்கா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார்.