சாட்சி நேரம்

சுனாமியில் கல்முனைக் கரையைக் கடல் அடித்துக்கொண்டுபோன பிறகு, தேவாலயம் இருந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டிலில் ஞாயிறு ஆராதனை நடந்தது. செய்தி எடுக்கப் போன நான் அவரை அங்கேதான் கண்டேன். ஒல்லியான மனிதர். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழும்பி, பெய்த மழைக்கும் புது சைக்கிள் டயருக்கும்கூட ஆண்டவருக்கு நன்றி சொல்பவர் என்றார்கள். அன்று அவர் எழும்பவில்லை; தலைகூட நிமிரவில்லை.

வெளியே வந்ததும் காரணம் கேட்டேன்.

“என்ட நாலு பிள்ளையளும் தப்பிட்டுதுகள், தம்பி. எனக்கு முன் வாங்கில இருந்தாவே, அந்தத் தங்கச்சிட ரெண்டு பிள்ளையளும் கடலோட போயிட்டுதுகள். அவவுக்கு முன்னால என்னெண்டு நன்றி சொல்ற?”

பின்னால் வந்த அந்தப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது.

“டயருக்குச் சொன்ன வாய் பிள்ளையளுக்குச் சொல்லாதா, அண்ணன்? நீங்க பேசாம இருந்தா என்ட பிள்ளையள் வரப்போகுதா?”

அடுத்த ஞாயிறும் போனேன். அவர் எழும்பினார். முன் வாங்கின் சாய்வுப் பலகையைப் பிடித்தபடி நாலு பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, “ஸ்தோத்திரம்” என்றார். களவை ஒப்புக்கொள்பவரின் குரல் அது. முதல் “ஆமென்” அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது.

ஆராதனை முடியும்வரை அவர் உட்காரவில்லை. ஏன் என்று இந்த முறை நான் கேட்கவில்லை.