கைப்பிடியோரத்து ராணி

டெல்லியில் பழைய வெள்ளிச் சாமான்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கைப்பையில் ஒரு டப்பா நிறைய விபூதி கொண்டுபோனேன். வெள்ளி துடைக்கும் வேலை என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடுகளில் வெள்ளியை விபூதி போட்டுத்தான் தேய்ப்போம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் தயக்கம். நாற்பத்தாறு வயதில் கிடைத்த முதல் வேலையில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

கடையின் முதலாளிக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. பஞ்சாபிப் பெண். நான் ஒரு கரண்டியில் விபூதியைத் தொட்டு வைத்ததும், "அரே ஆன்ட்டி, நஹி நஹி!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு கரண்டியைத் திருப்பிக் காம்பின் பின்பக்கத்தைக் காட்டினார். எள்ளைவிடச் சற்றே பெரிய நான்கைந்து கட்டங்கள், அவற்றுக்குள் ஏதேதோ உருவங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன.

எங்கள் வழக்கத்தில் பாத்திரத்தில் எழுத்து இருந்தால் அது கொடுத்தவர் பெயர், அல்லது வீட்டுக்காரர் பெயர். எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினால்கூடக் கடையிலேயே நின்று பெயர் வெட்டி வாங்கி வருவோம். அதனால், "இது யார் கல்யாணத்துக்குக் கொடுத்தது மேடம்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "இது கொடுத்தவர் பெயர் இல்லை ஆன்ட்டி, செய்தவர் பெயர். வெள்ளியில் கலப்படம் இருந்தால் யாரைப் பிடிப்பது? அதற்காகத்தான். செய்தவர் தன் பெயரை அடித்துச் சோதனை அலுவலகத்துக்கு அனுப்புவார். அவர்கள் சுரண்டிப் பார்த்து, சரியாக இருந்தால் மற்ற முத்திரைகளை அடிப்பார்கள்."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. தவறு செய்தால் பிடித்துக்கொள் என்று தானே அடையாளம் கொடுத்துவிட்டு வேலை செய்த அந்த முகம் தெரியாத தட்டான்களை நினைத்து, அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை வியந்துகொண்டிருந்தேன்.

அதன்பின் ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு முத்திரையையும் வரைந்து பக்கத்தில் தமிழில் எழுதிவைப்பேன். நடக்கும் சிங்கம்: வெள்ளி சுத்தம். சிறுத்தை முகம்: லண்டன். நங்கூரம்: பர்மிங்காம். அந்த ஊரில் கடலே கிடையாதாம், ஆனாலும் நங்கூரம். அடுத்து ஆண்டுக்கு ஓர் எழுத்து. எழுத்துகள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து வருவார்கள். ஆனால் எழுத்தின் சாயலையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் மாற்றிவிடுவார்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கு எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கை என்று ஒரு கரண்டிக் காம்பு சொல்லிவிடும். ரேஷன் கார்டில்கூட என் வயதைத் தப்பாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

சில சாமான்களில் ராஜா அல்லது ராணியின் தலை இருக்கும். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளம். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வரி போய்விட்டது, தலையும் போய்விட்டது. நோட்டில் இப்படி எழுதினேன்: "தலை இருந்தால் மிகப் பழசு." இந்த வரிதான் பிறகு என்னைப் படுத்தியது.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலும் ஓர் ஆங்கிலேய வெள்ளிச் சாமான் இருந்தது. கைப்பிடி வைத்த சின்னப் பால் ஜாடி. என் மாமியார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெள்ளிக்கிழமைதோறும் அதில்தான் முருகனின் வேலுக்குப் பால் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் விபூதி போட்டு அழுத்தித் தேய்த்துக் கவிழ்ப்பார்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமியாரின் மாமனார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்து, அவரோடு டெல்லிக்கு வந்தவர். சுதந்திரம் வந்த ஆண்டே துரை கப்பலேறிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து அவர் பார்சலில் அனுப்பிய ஜாடி இது என்று பெரியவர் சொல்வாராம். பார்சலைப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

இதை நம்பாதவர் ஒருவர் உண்டு: கிட்வாய் நகரில் இருக்கும் என் சின்ன மாமியார், அதாவது மாமனாரின் தம்பி மனைவி. அவரைச் சித்தி என்போம். ஜாடி மூத்தவர் வீட்டுக்குப் போன வருத்தம் அவருக்கு. சென்ற ஆண்டு ஒரு வளைகாப்பில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சித்தி கேட்டார்:

"என்னக்கா, மாமா களவாண்டுட்டு வந்த செம்புலதான் இன்னும் முருகனுக்குப் பால் ஊத்துதியளோ? தொர மூட்ட கட்டுன அன்னைக்குப் பெட்டிக்குப் போவேண்டியது மடிக்குப் போயிருச்சுல்லா? முருகனும் கண்ண மூடிக்கிட்டுக் குடிக்காரோ என்னவோ!"

பந்தியே சிரித்தது. மாமியாரும் சிரித்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றினார். ஜாடியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.

"ஏன் அத்தை?" என்றேன்.

"சந்தேகத்தோட சாமிக்கு ஊத்தப்படாதுட்டி. மாமா பொய் சொல்லுத மனுசன் இல்ல. ஆனா நான் என்ன, கண்ணாலயா பாத்தேன்?"

பாலை ஊற்றிவிட்டு அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாரா வாரம் அவர் நிற்பதை நான்தான் பார்த்தேன். துரை போன பிறகு செய்த ஜாடி என்று முத்திரை சொன்னால், பெரியவர் சொல் நிலைக்கும். முன்னால் செய்தது என்று சொன்னால், பழி அப்படியே கிடக்கும். ஒருநாள் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு ஜாடியைப் பரணிலிருந்து எடுத்தேன். "பாத்துட்டு உள்ளதச் சொல்லு. எனக்காண்டி மாத்திச் சொல்லாத" என்றார்.

சாப்பாட்டுப் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய், முதலாளி வெளியே போன நேரம் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாய் விளிம்புக்குக் கீழே வரிசையாக முத்திரைகள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. சிங்கத்தின் முதுகு மட்டும் ஒரு மேடாகத் தெரிந்தது. ஊரும் இல்லை, ஆண்டெழுத்தும் இல்லை. அத்தையின் விபூதி எல்லாவற்றையும் தின்றிருந்தது. வரிசையின் கடைசியில், கைப்பிடி ஜாடியோடு சேரும் இடுக்கில், விரல் நுழையாத ஓரத்தில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. ஒரு ராணியின் தலை.

தலை இருந்தால் மிகப் பழசு.

அப்படியானால் துரையின் பாட்டன் காலத்து ஜாடி. அவர் வீட்டு அலமாரியில் இருந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள் அந்த ஜாடி தயிர்சாதத்தோடு பஸ்ஸில் போய்ப்போய் வந்தது. நான் செருப்பைக் கழற்றும்போது மாமியார் என் முகத்தை மட்டும் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் முதலாளி என் பைக்குள் அதைப் பார்த்துவிட்டார். "ஆன்ட்டி, யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

கடைச் சாமானை எடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், இரண்டு ஆண்டுகளில் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் பேசிவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலில் நின்ற வாடிக்கையாளரைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். ஜாடியை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதி, ஆவி விலகும் முன் சாய்த்துப் பார்த்தார். தேய்ந்த முத்திரையை இப்படித்தான் பார்ப்பார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

"இவ்வளவு சுத்தமாக அழித்தது யார்?"

"விபூதி" என்றேன்.

"உங்கள் டப்பாவை அன்றைக்கே பிடுங்கியது நல்லதாகப் போயிற்று." மறுபடி ஊதினார். "ஆன்ட்டி, இந்த ராணி எந்தப் பக்கம் பார்க்கிறாள்?"

பார்த்தேன். "வலப்பக்கம்."

அவர் எழுந்து ஓர் இழுப்பறையைத் திறந்து இரண்டு கரண்டிகளை என் முன் வைத்தார். முதல் கரண்டியில் வரி முத்திரை. அந்த வரிக் காலத்து மகாராணி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் வேறொரு ராணி, வலப்பக்கம் பார்த்தபடி. எங்கள் ஜாடியில் இருந்த அதே முகம், அதே கழுத்து.

"இது சில ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் இறந்துபோனாரே, அந்த ராணி. அவர் பட்டத்துக்கு வந்த சமயத்தில் ஓரிரு ஆண்டுகள், விரும்பியவர்கள் அவர் தலையையும் அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கிடையாது."

நான் விரல்விட்டு எண்ணினேன். துரை போய் ஐந்தாறு ஆண்டுகள் ஆன பிறகு செய்த ஜாடி. துரை மூட்டை கட்டிய அன்று இது உலகத்திலேயே கிடையாது.

"ஒன்று சொல்கிறேன்" என்றார் முதலாளி. "எப்போது செய்தது என்றுதான் முத்திரை சொல்லும். யார் அனுப்பினார் என்று சொல்லாது."

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல மாட்டார். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "தலை இருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்."

வீட்டில், கடையில் எடுத்த போட்டோவைப் போனில் பெரிதாக்கி மாமியாருக்குக் காட்டினேன். முதலாளி சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "அவுக பேச்ச நானே கொஞ்சம் நம்பாமத்தான் போயிட்டேன்" என்றார். பிறகு, "ஏளா, கிட்வாய் நகருக்குப் போனப் போடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். மாமியார் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. பிறகு சித்தி கேட்டார்:

"அப்ப நெசமாவே பார்சல்லதான் வந்துச்சா?"

"தொர போனப்புறம் செஞ்சதுளா. அப்புறம் எப்படி மடிக்குப் போவும்?"

"அச்சா..." என்று இழுத்தார் சித்தி. "என் வாயில சனியன்க்கா. மாமாவ அப்படிச் சொல்லிருக்கப்படாது. ஆனாலும் பாருங்க, அனுப்புனதுதான் அனுப்புனான், எளையவனுக்கும் ஒண்ணு சேத்து அனுப்பிருக்கக்கூடாதா அந்தப் பாவி?"

மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த முறை அது பந்திச் சிரிப்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜாடியில் பால் ஊற்றினார். முடித்ததும் பழக்கத்தில் அவர் கை விபூதிச் சம்புடத்துக்குப் போனது, பாதியில் நின்றது. ஜாடியை என்னிடம் நீட்டினார்.

"நீயே தொடச்சு வையிட்டி. எனக்குக் கை பழகிப் போச்சு. மிஞ்சுன ஒருத்தியவும் தேச்சுப்புடுவேன்."

கடையில் இருந்து கொண்டுவந்திருந்த மெத்தென்ற துணியால் துடைத்தேன். கைப்பிடியோரத்தை மட்டும் தொடவில்லை.