அந்த மனுசன் போட்ட வேடங்கள்

அந்த ஆங்கில நடிகரைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் ஒரு காலத்தில் நாங்கள் அவருடைய பெரிய ரசிகர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்து இறங்கியபோது, இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்த முகம் என்றால் அவருடையது ஒன்றுதான். கொழும்பில் தியேட்டரில் அவரைக் கப்பல் கப்டனாகப் பார்த்திருந்தோம். இங்கே வாடகை வீட்டில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், செவ்வாய்க்கிழமைகளில் துப்பறிவாளராக வந்தார். வெள்ளிக்கிழமைகளில் பயந்த சுபாவமுள்ள பாதிரியாராக வந்து சிரிப்பு மூட்டினார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய படம் ஒன்றில் கண்ணுக்கு மை இழுத்து, தலைப்பாகை கட்டி, இந்திய மகாராஜாவாகிப் புலி சுட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

"இந்த மனுசன் என்ன வேசம் போட்டாலும் நம்பலாம் போல கிடக்கு," என்றார்.

பிறகு அவருக்கு விவரணப் படங்களில் மோகம் பிடித்தது. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஏதாவதொரு நாட்டின் ஆற்றில் இறங்கி நின்று, அங்குள்ள சனங்களைப் பற்றி விளக்கம் சொல்வார். அப்படித்தான் ஆஸ்திரேலியாவுக்கும் வந்தார். இங்கே புதிதாகக் குடியேறியவர்களைப் பற்றிப் படமாம். என் கணவர் வேலை செய்த வைத்தியசாலையில் யாரோ எங்கள் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

வேலை என்றால் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் டொக்டர். இங்கே அந்தப் பட்டம் செல்லாது, மறுபடி சோதனை எழுது என்றார்கள். எழுதினார். இன்னொன்று எழுது என்றார்கள். அதுவரைக்கும் நோயாளிகளைக் கட்டிலோடு வார்ட்டுக்கு வார்ட் தள்ளிக்கொண்டு போகும் வேலை. வீட்டில் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் அவர் முகம் பளிச்சென்று வெளித்துவிட்டது.

"இஞ்சாரும், அந்தாளிட்ட இதைச் சொல்லப்போறன். அந்தாள் ரீவியில காட்டினால் மேல இருக்கிறவையும் கேப்பினம்," என்றார்.

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் சம்மதித்தேன்.

வந்தார்கள். நடிகர் நேரில் இன்னும் உயரம். முதல் வேலையாக எங்கள் சாப்பாட்டு மேசையையும் கதிரைகளையும் குசினிக்குள் தள்ளச் சொன்னார். நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டுமாம். மேசையில் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெட்கப்பட வேண்டாம் என்றார். மகாராஜா வேடத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவராம், எங்கள் பழக்கமெல்லாம் அவருக்குத் தெரியுமாம். சப்பணம் கட்டி இருந்தும் காட்டினார்.

நான் விரல் நுனியால் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன். கமராவுக்கு அது போதாது என்றார். குனிந்து, நான் வாய் வைத்த எச்சில் தட்டிலேயே மணிக்கட்டுவரை கையை விட்டு, பருப்பும் குழம்பும் வழிய வழிய அள்ளி, இப்படி, என்று சாப்பிட்டுக் காட்டினார். உள்ளங்கை நனையச் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் பேச்சு விழும். எனக்குச் சோறு தின்னச் சொல்லித்தர இவர் யார்? தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பியிருப்பேன். என் கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவர் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. அதனால் நானும் உள்ளங்கை நனையச் சாப்பிட்டேன்.

கடைசியாக என் கணவரைப் பேசவிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவருடைய நகத்தைப் பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன். என்ன நோய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கக் கூடாது. லிஃப்டின் பொத்தானை அமத்துவதுதான் என் வேலை." சொல்லிவிட்டுத் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார். நடிகரின் கண் கலங்கியது. இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார். இவர் சொன்னார். நடிகர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் ஒளிபரப்பானது. எங்கள் பங்கு முழுக்க நான் உள்ளங்கையால் சோறு அள்ளுவதுதான். பின்னால் நடிகருடைய குரல், எங்கள் மசாலா வாசனையைப் பற்றியும் எங்கள் புன்னகையைப் பற்றியும். என் கணவர் ஓரத்தில் இருந்து தலையாட்டினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் இல்லை.

"நேரம் போதாமல் போயிருக்கும்," என்றார். அவருக்காக நான் அந்த நடிகரை விடியும்வரை திட்டினேன்.

சில வருடம் போனது. கலர் தொலைக்காட்சி வந்தது, நாங்களும் வாங்கினோம். என் கணவர் இன்னமும் கட்டில் தள்ளிக்கொண்டுதான் இருந்தார். ஒரு இரவு, அந்த நடிகரின் புதிய நாடகம் என்று போட்டார்கள். லண்டன் வைத்தியசாலை ஒன்றில் கட்டில் தள்ளும் இந்திய டொக்டராக அவர் வந்தார். முகத்தில் மண்ணிறம் பூசியிருந்தார்கள், காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டார்கள். கலரில் எல்லாம் வடிவாகத் தெரிந்தது. மனைவியோடு நிலத்தில் இருந்து, மணிக்கட்டுவரை குழம்பு வழியச் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துவிட்டுப் பேசினார். நகம், கண், வாய் திறக்கக் கூடாது, லிஃப்ட், பொத்தான். ஒரு சொல் பிசகவில்லை. சொல்லி முடித்துத் தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

துப்பறிவாளர், பாதிரியார், மகாராஜா எல்லாம் முடிந்து, இப்போது என் மனுசனையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்ததை அவர் தனக்கென்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். களவு என்று வேறு எதைச் சொல்வது? பத்திரிகைகள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடின.

அடுத்த நாள் வேலையால் வந்த என் கணவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இண்டைக்கு ஒரு கிழவியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனனான். ராத்திரி அந்த நாடகம் பார்த்து அழுதவவாம். படிச்ச டொக்டரை இப்பிடி வைச்சிருக்கினமே, லண்டனில மனுசரே இல்லையோ எண்டு என்னட்டக் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவவின்ர நகமெல்லாம் நீலமாய்க் கிடந்தது," என்றார். "அதைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். பிறகு பொத்தானை அமத்தினனான்."