மூன்றாவது பூவரசு

தபாலில் வந்த அந்தப் புகைப்படம் உள்ளங்கை அளவுதான். வெளிறிய மணல், பின்னால் இடுப்பளவு மதில், மணலில் நட்ட இரண்டு கற்கள். வலது ஓரத்திலிருந்து ஒரு கை படத்துக்குள் நீண்டிருக்கிறது. வெள்ளைச் சட்டையின் முழுக்கை, ஒரு மணிக்கட்டு, நீட்டிய ஒரு விரல். ஆளின் முகம் இல்லை. பக்கத்தில் இதே மாதிரி நான்கைந்து மண்மேடுகள் தெரிகின்றன. எது என்று வீட்டார் குழம்பக்கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் சுட்டிக் காட்டியிருக்கிறார். வளைகுடாவில் எரிந்த எண்ணெய்க் கப்பலில் வேலை செய்த என் மூத்த மகனை அங்கேதான் அடக்கியிருப்பதாகக் கொழும்பிலுள்ள கப்பல் முகவர் எழுதியிருந்தார். என் மனைவி அந்த இரண்டு கற்களைப் பார்க்கிறாள். நான் விரலைப் பார்க்கிறேன்.

படம் வந்து எட்டு மாதமாகிறது. நான் பாடசாலைக்குப் போகிறேன், இங்கிலீஷ் கொப்பிகள் திருத்துகிறேன், கல்முனைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன். கண்டவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சபூர் செய்யுங்கள், பொறுமையாக இருங்கள் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். அழுகை வந்தால் நல்லது என்று டாக்டர்கூடச் சொன்னார். வரவில்லை. படத்தை எடுக்கும்போதெல்லாம் மகனின் முகத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிவாசல் மோதினாரின் முகம்தான் வருகிறது. அவர் மவுத்தாகி, கண்மூடி ஐந்து வருடத்துக்கு மேலாகிறது.

மோதினாரின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். வாளியும் கையுமாகவே வாழ்ந்தவர். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வதும் பள்ளியைக் கூட்டுவதும் அவருடைய வேலை என்றாலும், எங்கள் ஊரான நிந்தவூரில் அவரைத் தேடி ஆள் வருவது மையத்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டத்தான். அவருடைய தகப்பனும் அதையே செய்தவர். அந்த வேலை அவரை இறுக்கமான மனிதராக்கவில்லை. என்னைக் கண்டால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்க இப்பிடியே மெலிஞ்சி போனீங்கெண்டா கபன் துணியில எனக்கொரு சாறன் மிஞ்சும்" என்பார். கபன் என்பது மையத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி. அவருடைய பாங்கைக் கேட்டு முதலில் எழும்புவது காகங்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "எழும்புதே. நீங்க எழும்புறல்லியே" என்பார்.

சூறாவளி அடித்ததற்கு மறுவருடம் பள்ளிவாசலுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தியாவில், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். நான் அப்போது நிர்வாகத்தில் செயலாளராக இருந்தபடியால் கடிதம் என் கைக்கு வந்தது. உலக யுத்தக் காலத்தில், ஜப்பான்காரன் இந்தப் பக்கம் வந்த நாட்களில், அவருடைய காக்கா, மூத்த சகோதரர், சரக்குக் கப்பலொன்றில் நெருப்பறையில் கரி போடும் வேலையில் இருந்திருக்கிறார். கப்பல் இந்தக் கரைக்கு நேரே தாழ்ந்துபோனது. உயிர் தப்பி ஊர் திரும்பிய ஒருவர், கரையொதுங்கிய உடல்களை இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊரொன்றில் அடக்கினார்கள் என்று சாகும்போதுதான் சொல்லியிருக்கிறார். கரையோரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அவர் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "இடது முழங்கைக்குக் கீழே நங்கூரம் பச்சை குத்தியிருக்கும். அதற்காக வாப்பா அவரை அடித்தார்கள். கோபித்துக்கொண்டுதான் கப்பலுக்குப் போனார்."

தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து மோதினாருக்குக் கடிதத்தை வாசித்தேன். கடைசி வரி வந்தபோது அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

"ஆறு மையத்து வந்திச்சி மாஸ்டர்" என்றார். "நான் அப்ப கல்யாணங்கூட முடிக்கல்ல. வாப்பா குளிப்பாட்ட, நான் தண்ணி ஊத்தினன்."

நான் மவுத்துப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நாட்களுக்குரிய இடத்தில் எதுவும் இல்லை. பெயரில்லாதவர்களை எந்தப் பெயரில் எழுதுவது என்று அப்போது பதிவு எழுதிய லெப்பை விட்டுவிட்டாராம். எழுதப்படாததை மோதினார் காலால் அளந்து காட்டினார். மையவாடிக்குள், பள்ளியின் அடக்கத்தலத்துக்குள் போய், கிணற்றடியிலிருந்து கிழக்கே இருபத்திரண்டு எட்டு வைத்தார். அங்கே மதிலோரம் ஒரே வரிசையில் மூன்று பூவரச மரங்கள் நின்றன. சூறாவளி வேரோடு புரட்டிய இரண்டின் குழிகளும் இருந்தன. எங்கள் ஊரில் கபுறின், அடக்கிய குழியின், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை நடுவோம். காய்ந்த, வைரமான கட்டையாகத்தான் நடுவது. அன்றைக்கு ஒரே நாளில் ஐந்து கபுறு. அவசரத்தில் வேலியிலிருந்து பச்சைக் கம்புகளை முறித்துத் தலைமாட்டில் நட்டிருக்கிறார்கள். கம்புகள் வேர்விட்டன. பிறகு வந்தவர்கள் அதைப் பழைய வேலி என்று நினைத்துக்கொண்டு ஆட்டுக்குக் குழை முறித்தார்கள். நானும் முறித்திருக்கிறேன்.

"ஐந்துதானே இருக்கு?" என்று கேட்டேன்.

ஆறாவது ஆளைப் பற்றி அவர் மெதுவாகச் சொன்னார். மற்ற ஐவரும் முஸ்லிம்கள் என்று தெரிந்தது; சிலருக்குக் கழுத்தில் தாயத்து இருந்தது, சிலருக்கு வேறு அடையாளம் இருந்தது. ஆறாவது உடம்பு கடலில் அதிக நாள் கிடந்தது; அடையாளம் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. இருந்தாலும் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். மூன்று வாளி ஊற்றி முடிப்பதுதான் முறை. இரண்டு வாளி ஊற்றியபின் இடது கையில் ஒட்டியிருந்த சட்டைத் துணியை உரித்தபோது நங்கூரம் தெரிந்தது. சுற்றி நின்ற பள்ளி நிர்வாகத்து மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பச்சை குத்தினவன், மார்க்கம் விலக்கினதைச் செய்தவன், நம்மட ஆளாக இருக்க ஏலாது என்று ஒருவர் சொன்னார். வேறு யாரும் மறுத்துக் கதைக்கவில்லை.

"மூணாவது வாளி எண்ட கையில. வாப்பா கையப் பிடிச்சார். அந்தத் தண்ணிய நான் மண்ணில ஊத்தினன்."

அந்த உடலைத் தொழுகையில்லாமல் கடற்கரையில் தாழம்பற்றைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். கரைவலைக்காரர்களையும் விசாரித்தோம். தாழம்பற்றையைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. அது நின்ற இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்து பேரை அடக்கிய இடம் இருக்கிறது என்று மட்டும் பதில் எழுதினேன். ஆறாவதை எழுதவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பெண் தன் மகனோடு ராமேஸ்வரம் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக வந்து சேர்ந்தார். ஐம்பது தாண்டியவர். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. என் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். காக்கா சிறுவயதில் மரமேறி விழுந்த கதையைச் சொல்லி அவர் சிரித்தார். பத்தொன்பது வயதோடு நின்றுபோனவரை இந்த வயதிலும் "அவங்க, இவங்க" என்று மரியாதையாகவே சொன்னார்.

மையவாடிக்குப் புறப்படுமுன் மோதினாரைத் தனியே கூப்பிட்டேன். கடற்கரையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றேன்.

"கேட்டா சொல்லத்தானே வேணும், மாஸ்டர்."

"அவ்வளவு தூரத்திலயிருந்து வந்த மனிசி. உங்கட காக்காவப் பாதியில விட்டுட்டம், கபுறையும் கடல் கொண்டு போயிட்டுது எண்டு சொல்லப் போறீங்களா?"

"வேற என்னத்தச் சொல்ற? நடந்தது அதுதானே."

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. சூறாவளியில் இடிந்த மதில் வாயிலில் அவர் நின்றார். மகன் குடை பிடித்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"எங்க காக்கா எதுல இருக்காங்க?"

மோதினார், "உம்மா, அந்த மனுசன..." என்று தொடங்கினார். நான் கையை நீட்டினேன்.

"அந்தா, மூன்றாவது பூவரசு."

ஏன் மூன்றாவது என்று கேட்டால், அதுதான் நேராக நின்றது. வேறு காரணமில்லை. அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த மரத்தைப் பார்த்தார். "நல்ல நிழலா இருக்கு" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். ஹஜ்ஜுக்குப் போன மாமா மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர். தன் மவுத்துக்கென்று வைத்திருந்ததாம். அதைக் காக்காவின் கபுறில் ஊற்றிவிடும்படி மோதினாரிடம் கொடுத்தார். மோதினார் என்னை ஒருமுறை பார்த்தார். மரத்தடிக்குப் போய், குனிந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றினார். திரும்பி வந்தபோது போத்தல் அவர் மடிக்குள் இருந்தது.

அவர்களைக் கல்முனை பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டு அஸருக்குப் பள்ளிக்கு வந்தேன். தொழுகை முடிந்ததும் மோதினார் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இங்கிலீசில பொய் சொல்லுவீங்கெண்டு நினைச்சிருந்தன். தமிழ்லயும் நல்லாத்தான் சொல்றீங்க. வாங்க, கடக்கரைக்கு."

அலை அடித்த அந்த இடத்தில் முழங்கால் நனைய நின்று மடியிலிருந்து போத்தலை எடுத்தார். பாதித் தண்ணீர் இருந்தது. கடலில் ஊற்றினார். "மூணாவது வாளி" என்றார். பிறகு ஈர மணலில் மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று, என்னைப் பின்னால் நிற்கச் சொல்லி, அந்த மனிதருக்கு, இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை நடத்தினார். முப்பத்தேழு வருடம் பிந்திய தொழுகை. வரிசையில் நான் ஒருவன்தான். அவருடைய குரல் அன்றைக்கும் கரகரப்பாகத்தான் இருந்தது.

வரும் வழியில் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு எழுதிப் போடுவீங்களா? கபுறு இல்ல, ஆனா தொழுதாச்செண்டு. அது உண்மைதானே. அத அவ கையோட வெச்சிக்கட்டுமே."

எழுதுவதாகச் சொன்னேன். சந்தித்தபோதெல்லாம் நினைவூட்டினார். பரீட்சை, அறுவடை, நாட்டு நிலைமை என்று ஏதாவது காரணம் இருந்தது. படுக்கையில் விழுந்த பிறகு பார்க்கப் போனபோது, "முத்திரைக்குக் காசில்லையா, மாஸ்டர்?" என்று கேட்டுச் சிரித்தார். அதுதான் என்னோடு கதைத்த கடைசிக் கதை. அவரைக் குளிப்பாட்டப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாளியை நான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சண்டை வந்து காலம் கெட்டது. காலையில் ரோட்டால் போனவன் மாலையில் வருவானா என்று வாசலில் நின்று பார்த்த வருடங்கள். பக்கத்து ஊரான மாவடிப்பள்ளிக்கு வயல் பார்க்கப் போனால்கூட மூத்தவன் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவன் தூரத்தில் இருந்தால் உயிரோடு இருப்பான் என்று நினைத்தேன். கப்பல் வேலைக்கு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கொழும்பு பஸ் புறப்படும் நேரத்தில் எல்லோரும் தொழுகையை விட்டுவிடாதே, கடிதம் போடு என்றார்கள். நான் யன்னலைப் பிடித்துக்கொண்டு, "மகன், கையில பச்சை கிச்சை குத்திராதங்க" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"இதுக்கா வாப்பா ரெண்டு நாளா யோசிச்சிக்கிட்டு இருந்தீங்க?"

அந்தச் சிரிப்போடு பஸ் போனது. பதினான்கு மாதம் கழித்துத் தந்தி வந்தது. பள்ளியில் அவனுக்காகக் காயிப் ஜனாஸா, உடல் இல்லாமல் தொழும் தொழுகை, நடத்தினார்கள். வரிசைகள் முற்றம்வரை இருந்தன. எனக்கு முன்னால் வெறும் பாய் கிடந்தது.

முகவரின் கடிதத்தில் கப்பலில் மூன்று இடத்தில் தீப்பிடித்தது என்று இருக்கிறது. துறைமுகத்தின் பெயர் இருக்கிறது. அவனை எப்படி அடையாளம் கண்டார்கள் என்று இல்லை. யார் குளிப்பாட்டினார்கள் என்று இல்லை. எழுதிக் கேட்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பெண்ணின் விலாசமும் என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தால் இப்போதும் ஒரு மரநிழலை நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் இரண்டு கடிதங்களுக்கும் தாளெடுத்து வைத்தேன். ஸலாம் எழுதியதற்கு மேல் கை போகவில்லை.

இன்றைக்கும் யாசீன் அத்தியாயம் ஓதி முடித்ததும் மனைவி படத்தை என்னிடம் நீட்டினாள். தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"இதுதானே நம்மட புள்ள?"

"ஓம்" என்றேன். "இதுதான்."

அவள் படத்தை முத்தமிட்டுக் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கிருந்து பார்த்தாலும் அந்த விரல் தெரிகிறது. நேராக, உறுதியாக நீண்டிருக்கிறது. கொஞ்சமும் நடுங்கவில்லை. அன்றைக்கு மதில் வாயிலில் நின்று நான் நீட்டியபோது என்னுடையதும் நடுங்கவில்லை.